கால் அளவு கேட்டால் பாட்டா எண்ணைச் சொல்லாதீர்கள்: பனிச்சறுக்குச் சப்பாத்தைத் தெரிவு செய்யும் முறை

மார்கழி தொடங்கி மாசி வரையான மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து சுவிற்சர்லாந்துக்கோ கனடாவுக்கோ உறவினரைப் பார்க்கப் போகின்றவர்களுக்கு, விமானச்சீட்டு உறுதியானதும் அங்குள்ள மருமக்களிடமிருந்து வருகின்ற கேள்விகளுள் ஒன்று, கால் என்ன அளவு என்பது. வந்து நிற்கின்ற சில வாரங்களுக்குள் ஒரு நாளாவது பனிமலைக்குக் கூட்டிச்செல்ல வேண்டும், அதற்குச் சறுக்குப் பலகையையும் சப்பாத்தையும் முன்கூட்டியே வாடகைக்குப் பதிந்துவைக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம். இங்கிருந்து போகின்ற மறுமொழி பெரும்பாலும் பாட்டாச் செருப்பின் அடியில் பொறித்திருக்கும் எண்ணாகவே இருக்கும். அதனோடு, "இறுக்கமெண்டால் ஒரு சைஸ் கூட்டி எடுங்கோ" என்ற வரியும் சேர்ந்துகொள்ளும். முதல் நாளிலேயே கால் நொந்து, நகம் கறுத்து, மலையடிவாரத் தேநீர்க் கடையோடு ஒதுங்கிவிடுகின்ற பலருடைய துன்பம் இந்த வரியில் இருந்தே தொடங்குகிறது. சப்பாத்து பெரிதாக இருந்ததனால்தான் அவர்களுக்குக் கால் நொந்தது என்பதைச் சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள்.

அதன் காரணம் இதுதான். சறுக்குப் பலகையைத் திருப்புவது முழங்காலும் கணைக்காலும் செய்கின்ற அசைவு. அந்த அசைவு பலகைக்குப் போய்ச்சேரும் ஒரே வழி சப்பாத்து. பாதத்துக்கும் சப்பாத்துக்கும் இடையே வெற்றிடம் இருந்தால், கால் திரும்பிய பின்பே சப்பாத்துத் திரும்பும். பாதம் முன்னும் பின்னும் வழுக்கும். ஒவ்வொரு வழுக்கலிலும் பெருவிரல் நகம் முன்சுவரில் மோதும், முன்னெலும்பு சப்பாத்தின் நாக்கில் அடிபடும். இந்த ஆட்டத்தை நிறுத்துவதற்காக அணிந்திருப்பவர் சப்பாத்தை மூடுகின்ற கொளுக்கிகளை மேன்மேலும் இறுக்குவார். இறுக்க இறுக்கப் புறங்காலின் இரத்தவோட்டம் குறைந்து விரல்கள் விறைக்கும், குளிரும், இறுதியில் உள்ளங்கால் குறண்டும். அளவான சப்பாத்தில் கொளுக்கிகளை மெல்ல மூடினாலே போதும் என்பதனால் இவற்றில் ஒன்றுமே நேராது. ஆகவே, நீளத்தை மிகச் சரியாக எடுத்துக்கொண்டு, மற்றக் குறைகளை அகலத்தாலும் திருத்தத்தாலும் தீர்ப்பதே முறை. நீளத்தைக் கூட்டித் தீர்க்க முயல்வது ஒருபோதும் பலிக்காது.

எண்ணும் அளவும்

நாம் வாங்குகின்ற செருப்புகளிலும் சப்பாத்துகளிலும் உள்ள பிரித்தானிய எண்முறையில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர் உண்டு. ஐரோப்பிய எண்முறையில் அந்த இடைவெளி ஏறத்தாழ 6.7 மில்லிமீற்றர். இரண்டுமே தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதோடு, திறந்த செருப்பில் குதி சற்றுப் பின்னே வழிந்தாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு மொண்டோபொயின்ற் என்ற முறையே உலகெங்கும் பயன்படுகிறது. இதனை வரையறுக்கும் அனைத்துலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 9407 ஆகும். இதில் எண் என்பது பாதத்தின் நீளமே; 26.5 என்று எழுதியிருந்தால் அது 265 மில்லிமீற்றர் நீளமான பாதத்துக்குரியது என்று பொருள். ஆண், பெண், சிறுவர் எல்லோருக்கும் அளவுகோல் ஒன்றுதான். 26.5 என்பது பிரித்தானிய எண்ணில் ஏழரைக்கு அண்மையாக வரும். எடுத்த அளவில் பெரும் பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒப்புநோக்குவதற்கு மாத்திரமே அந்த எண் உதவும்.

இந்த அளவை யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையிலேயே எடுத்துவிடலாம். சீமெந்துத் தரையில் சுவரோடு ஒட்டினாற்போல ஒரு வெள்ளைத் தாளை விரித்து, வெறுங்காலுடன் குதி சுவரைத் தொடும்படி நிற்க வேண்டும். அமர்ந்திருந்து அளக்கக் கூடாது. பாரம் ஏறும்போது பாதம் நீளும், விரியும். உடலின் பாரம் இரு கால்களிலும் சமமாக இருக்க, மற்றொருவர் குனிந்து, மிக நீண்ட விரலின் முனையில் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி வைத்து, அதன் ஓரத்தைத் தாளில் கோடாகக் குறிக்க வேண்டும். நாமே குனிந்து குறித்தால் பாரம் முன்னே சாய்ந்து அளவு பிழைத்துவிடும். சிலருக்குப் பெருவிரலை விட இரண்டாம் விரல் நீளமாக இருப்பதனால், அதையும் கவனித்துக்கொள்ள வேண்டும். பாதத்தைச் சுற்றிப் பேனையால் வரைந்து, அந்தப் படத்தை அளப்பது பலரும் செய்கின்ற வழி. பேனை சற்றுச் சரிந்தாலே நான்கு ஐந்து மில்லிமீற்றர் கூடிக் குறையும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. பின்னர் சுவரோரத்திலிருந்து கோடு வரையான தூரத்தை அடிமட்டத்தால் மில்லிமீற்றரில் அளந்து, இரு பாதங்களின் அளவையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். இடமும் வலமும் சிறிது வேறுபடுவது இயல்பு. நீளமான பாதத்தின் அளவையே கணக்கில் எடுப்பது வழக்கம். அதே தாளில், பெருவிரல் மூட்டிலிருந்து சின்னவிரல் மூட்டு வரையான அகலத்தையும் குறித்து, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவை அளவுநாடாவால் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே செய்தியாக அனுப்பிவிடலாம்.

எமது வெக்கையில் நாள் முழுதும் நடந்து திரிந்த பின் பாதம் சற்று வீங்கியிருக்கும். மாலையில் அளந்து சப்பாத்து வாங்குவது நகரச் சப்பாத்துக்குப் பொருத்தமான அறிவுரை. குளிரில், மலையில் அணியப்போகின்ற இந்தச் சப்பாத்துக்குக் காலையில் எடுத்த அளவே உண்மைக்கு அண்மையானது என்பது எனது கருத்து. நெடுநேர விமானப் பயணத்தாலும் கால் வீங்கும் என்பதனால், போய் இறங்கிய அன்றே கடைக்குச் சென்று பொருத்திப் பார்க்காமல் ஓரிரு நாள் விடுவது நல்லது.

ஓடும் உள்ளுறையும்

பனிச்சறுக்குச் சப்பாத்து இரண்டு பகுதிகளால் ஆனது. வெளியே இருப்பது கடினமான பிளாஸ்ரிக் ஓடு. உள்ளே இருப்பது கழற்றியெடுக்கக் கூடிய மெத்தென்ற உள்ளுறை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஓட்டை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் மாத்திரமே வார்க்கிறார்கள். 26 உம் 26.5 உம் ஒரே ஓடு, உள்ளுறையிலோ பாதத்தின் கீழ் வைக்கும் அடித்தட்டிலோ உள்ள சிறு வேறுபாடே அரை எண்ணாகிறது. 26.5 இலிருந்து 27 க்குப் போனாலோ முழு ஓடுமே மாறிவிடும். எனவே, "அரைதானே கூடுகிறது" என்று ஒருவர் 27 ஐக் கொடுத்தால், உண்மையில் கூடுவது ஒரு முழு அளவு. இதைச் சரிபார்ப்பதற்கு ஒரு வழி உண்டு: ஓட்டின் குதிப்பக்கத்தில் 305, 315 என்பது போன்ற மூன்றிலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஓட்டின் வெளியடி நீளம், மில்லிமீற்றரில். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு சப்பாத்துகளில் அந்த எண் ஒன்றாக இருந்தால் ஓடும் ஒன்றுதான். அந்த எண்ணைப் பாதத்தின் அளவென்று எண்ணி மயங்கக் கூடாது.

கடையில் செய்யத்தக்க மிகப் பயனுள்ள சோதனையும் இந்த ஓட்டை வைத்தே செய்யப்படுகிறது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு, மெல்லிய காலுறையுடன் வெறும் ஓட்டினுள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரை மெல்லத் தொடும்வரை பாதத்தை முன்னே தள்ளி நிற்க வேண்டும். அந்நிலையில் குதிக்கும் பின்சுவருக்கும் இடையே எவ்வளவு இடமிருக்கிறது என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு விரல் நுழையும் இடம் இருந்தால், புதிதாகப் பழகுகின்ற ஒருவருக்கு அது தகுந்த ஓடு. மூன்று விரல் தாராளமாக நுழைந்தால், உள்ளுறை எவ்வளவு சுகமாக இருந்தாலும் அந்தச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த இடம் போட்டியாளர்களுக்குரியது. வாடகைக் கடைகளில் நெரிசலான சனிக்கிழமைக் காலையில் உள்ளுறையைக் கழற்றித் தருவதற்கு முகம் சுளிக்கக்கூடும், கேட்பதில் தவறில்லை.

அகலமும் புறங்காலும்

செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம் விரலடியில் விரிந்திருப்பது இயல்பு. எம்மவரிற் பலர் சரியான நீளமுள்ள சப்பாத்தைப் போட்டவுடன் "சின்னது" என்று சொல்வதற்குக் காரணம் நீளமன்று, அகலமே. சப்பாத்தின் அகலமும் மில்லிமீற்றரில் குறிக்கப்படுகிறது: 97, 98 என்றால் ஒடுக்கம், 100 என்றால் நடுத்தரம், 102 உம் அதற்கு மேலும் அகலம். இவ்வெண் பொதுவாக 26.5 அளவுச் சப்பாத்தின் விரலடி அகலத்தைச் சுட்டுவது; சப்பாத்து சிறிதாகும்போது அகலமும் குறையும். ஆகவே 26.5 ஒடுக்கமாகத் தோன்றினால், கேட்க வேண்டியது 27.5 ஐ அன்று, 26.5 இலேயே அகலமான மாதிரியை. இந்த ஒரு வேண்டுகோளை உறவினர் வாயிலாகவோ கடைக்காரரிடம் நேரிலோ தெளிவாகச் சொல்லிவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

புறங்கால் உயர்ந்தவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. காலை நுழைப்பதே கடினமாகவும், கொளுக்கி மூடிய சில நிமிடங்களில் மேற்பாதம் மரத்துப்போவதாகவும் இருந்தால், புறங்கால் உயரம் கூடிய மாதிரி தேவைப்படுகிறது என்று கொள்ளலாம். கெண்டைக்கால் பருத்தவர்களுக்கு மேற்கொளுக்கி எட்டாமற் போகும். பல மாதிரிகளில் அந்தக் கொளுக்கியை இடம்மாற்றிப் பூட்ட வசதியுண்டு. பெண்களுக்கான சப்பாத்துகளின் மேற்பகுதி உயரம் குறைந்தும் சற்று விரிந்தும் செய்யப்படுவது இதற்காகத்தான்.

சொந்தமாக வாங்குகின்றவர்களுக்கு இன்னும் வழிகள் உள்ளன: உள்ளுறையைச் சூடாக்கிக் காலின் வடிவத்துக்கு வார்க்கலாம், எலும்பு முட்டுகின்ற இடத்தில் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளலாம், பாதத்துக்கேற்ற அடித்தட்டுச் செய்விக்கலாம். வருடத்தில் ஒரு நாள் பனிமலை ஏறப்போகின்றவர் அவ்வளவு தூரம் செல்லத் தேவையில்லை, வாடகையே போதும்.

சப்பாத்தை முன்னே வளைப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் விறைப்பு, ஃபிளெக்ஸ் என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. புதிதாகப் பழகும் பெண்களுக்கு 60 முதல் 80 வரை, ஆண்களுக்கு 80 முதல் 100 வரை என்பது பொதுவான வழக்கம். உடற்பாரம் கூடியவர் அந்த எல்லையின் மேற்பக்கத்தை எடுக்கலாம். இதற்குப் பொதுத் தரம் இல்லாததனால் ஒரு தயாரிப்பாளரின் 90 மற்றொருவரின் 100 க்குச் சமனாக இருக்கலாம். குளிரில் பிளாஸ்ரிக் மேலும் விறைக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான கடைக்குள்ளேயே முழங்காலை முன்னே வளைக்க முடியாவிட்டால் வெளியே அறவே முடியாது.

கடையில் பொருத்திப் பார்த்தல்

கொளுக்கிகள் அனைத்தையும் திறந்து, நாக்கை முன்னே இழுத்து, காலை நுழைத்தபின் குதியைத் தரையில் இரண்டு மூன்று முறை தட்டிப் பின்னே அமர்த்த வேண்டும். முதலில் கணைக்காற் பகுதியிலுள்ள இரண்டு கொளுக்கிகளையும் மெல்ல மூடி, முழங்காலை முன்னே அழுத்தினால் குதி அதன் குழியில் இறங்கும். அதன் பின்னரே புறங்காற் கொளுக்கியையும், கடைசியாக விரற்பக்கக் கொளுக்கியையும் மூட வேண்டும். விரற்பக்கக் கொளுக்கி வெறுமனே மூடியிருந்தாற் போதும், இறுக்கக் கூடாது. நிமிர்ந்து நிற்கையில் விரல்நுனிகள் முன்சுவரைத் தொடும். இதை உணர்ந்தவுடனேயே பெரும்பாலானோர் பெரிய அளவைக் கேட்கிறார்கள். அவசரப்படாமல் முழங்காலை வளைத்து முன்னே சாய்ந்து பார்க்க வேண்டும். குதி பின்னே போக, விரல்கள் சுவரை விட்டு விலகினால் நீளம் சரி. வளைந்த நிலையிலும் விரல்கள் மடிந்தே இருந்தால்தான் சப்பாத்து சிறிது. சறுக்குவது முழுவதும் வளைந்த நிலையில் என்பதனால், நிமிர்ந்து நின்று தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

அடுத்து, குதி மேலெழுகிறதா என்று பார்க்க வேண்டும்: முன்னே சாய்ந்தபடி குதியைத் தூக்க முயன்றால் அது அசையாமல் இருப்பதே நல்ல பொருத்தம். பாதம் முழுவதும் சீரான இறுக்கம் இருக்கலாம். ஓரிடத்தில் மாத்திரம் குத்துகின்ற நோவு இருக்கக் கூடாது. விரல்களைச் சற்று ஆட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் அறிய முடியாது. பத்துப் பதினைந்து நிமிடமாவது அணிந்தபடி நின்று, வளைந்து, இருந்து பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும். இந்தச் சப்பாத்துடன் நடப்பது எவருக்கும் கரடுமுரடாகவே இருக்கும். நடக்கச் சுகமாக இல்லை என்பதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டாம்.

குளிருக்கு அஞ்சி இரண்டு சோடிக் காலுறை போடுவது எம்மவரிடம் பரவலாகக் காணப்படுகின்ற வழக்கம். அது பாதத்தை நெரித்து இரத்தவோட்டத்தைக் குறைப்பதனால் காலை மேலும் குளிரச் செய்யும். முழங்கால் வரை நீளும் கம்பளி அல்லது செயற்கை நூற் காலுறை ஒரு சோடி, அதுவும் மெல்லியது, போதும். பருத்திக் காலுறை வியர்வையை வைத்திருப்பதனால் கூடாது. உள்ளே அணியும் வெப்பக் காற்சட்டை சப்பாத்தின் விளிம்புக்கு மேலேயே முடிய வேண்டும். மடிப்பு ஒன்று உள்ளே அகப்பட்டாலும் முன்னெலும்பு புண்ணாகும். பெண்கள் மெட்டியையும் கொலுசையும், கணுக்காலில் நூல் கட்டியிருப்பவர்கள் அந்த நூலையும், முதல் நாளே கழற்றி வைப்பது அவசியம். மெட்டியைக் கழற்ற மனம் வராதவர் வேடிக்கை பார்ப்பதோடு நிற்கலாம். நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ள வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு சொல். நீண்டகால நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால், "நோகவில்லை" என்பதை வைத்துப் பொருத்தத்தை முடிவு செய்ய முடியாது. தோல் உரிந்திருந்தாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் புறப்படுமுன் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதும், மலையில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதும் வேண்டும்.

பிள்ளைகளும் இரவற் சப்பாத்தும்

பள்ளிக்கூடச் சப்பாத்தை அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வாங்குவது போல இதையும் வாங்கிக் கொடுப்பது தவறு. பிள்ளைக்கும் இரண்டு விரல் இடமே எல்லை. பெரிய சப்பாத்துடன் பிள்ளை பலகையைத் திருப்ப முடியாமல் விழுந்து, பனிச்சறுக்கே வேண்டாம் என்று சொல்லிவிடும். கால் வளர்கின்ற வேகத்தில் புதிது வாங்குவது கட்டாது என்பதற்காகவே அங்குள்ள கடைகள் பருவம் முழுவதற்குமான வாடகையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கின்றன. சுவிஸ் பாடசாலைகளின் பனிச்சறுக்கு முகாமுக்குப் போகின்ற எமது பிள்ளைகளிற் பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

நிலவறையில் கிடக்கின்ற மச்சானின் பழைய சப்பாத்தை இரவல் வாங்குவதாயின், ஓட்டில் மயிர்க்கோடு போன்ற வெடிப்பு உண்டா, அடியின் முனையும் குதியும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வருடங்கள் செல்லச் செல்லப் பிளாஸ்ரிக் இற்றுப்போகும். பத்து வருடத்துக்கு மேற்பட்டதைத் தொடாமல் விடுவதே நல்லது. வெப்பமும் ஈரப்பதனும் இந்த இறுதலை விரைவாக்குவதனால், ஆசைக்கு ஒரு சோடியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்து அறைக்குள் அடைத்து வைப்பதிலும் பயனில்லை. சப்பாத்தைப் பலகையில் பூட்டுகின்ற பைண்டிங், விழும்போது காலை விடுவிக்க வேண்டிய கருவி. அது உடற்பாரம், உயரம், வயது, திறமை, மேலே சொன்ன வெளியடி நீளம் ஆகியவற்றைக் கொண்டு கடையிலுள்ள தொழில்நுட்பவியலாளரால் சரிசெய்யப்பட வேண்டும். கிலோக் கணக்கைக் கூச்சத்தில் குறைத்துச் சொல்லக் கூடாது. சப்பாத்தை மாற்றினால் பைண்டிங்கையும் மறுபடி சரிசெய்விக்க வேண்டும்.

நோர்வேக்குப் போகின்றவர்கள், கூட்டிச்செல்வது எந்த வகைச் சறுக்குக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பரவலான நெடுந்தூரச் சறுக்கில் குதி மேலெழ வேண்டும்; அதற்குரிய சப்பாத்து மென்மையானது, விரலுக்கு முன்னே சற்று இடம் விட்டே எடுக்கப்படுவது. இங்கே சொன்னவை அதற்குப் பொருந்தா. சுவிற்சர்லாந்தில் ஏங்கல்பேர்க்கிலிருந்து கம்பிவடத்தில் ரிட்லிஸ் மலைக்குப் போய்ப் படமெடுத்துத் திரும்புவதுதான் திட்டம் என்றால், வழுக்காத குளிர்காலச் சப்பாத்தே போதும்.

வாடகைக்கு எடுத்த சப்பாத்து முதல் மணித்தியாலத்திலேயே ஓரிடத்தில் குத்தத் தொடங்கினால், பொறுத்துக்கொண்டு நாளை ஓட்ட வேண்டியதில்லை. ரொறன்ரோவிலிருந்து சுமார் இரண்டு மணித்தியால ஓட்டத்திலுள்ள புளூ மவுண்டனாக இருந்தாலும், அல்ப்ஸ் மலையின் சிற்றூராக இருந்தாலும், சறுக்குமிடத்திலேயே உள்ள கடையில் எடுத்திருந்தால், திரும்பிச் சென்று அகலமான மாதிரியைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். நகரத்துக் கடையில் சற்று மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அங்கே எடுத்துவிட்டு மலைக்கு வந்தவர்களுக்கு அந்த வசதி இருக்காது. ஆகவே முதன்முறை போகின்றவர்கள் மலையடிவாரத்திலேயே வாடகைக்கு எடுக்கும்படி உறவினரிடம் சொல்லிவைப்பது நல்லது.